கருவாட்டுப் பெட்டி ஹீட்டர் முனைக்கு டேப் சுத்தலாமா?

கேள்வி, 12 அக்டோபர் 2024

அண்ணே, தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன். மழைக்காலத்துல கருவாடு காய மாட்டேங்குதுன்னு வீட்டுல ஒரு பெட்டி செஞ்சிருக்கோம். தகரப் பெட்டி, உள்ள அஞ்சு தட்டு, அடியில 1000 வாட் ஹீட்டர் ராடு ரெண்டு, பின்னால ஒரு ஃபேன். ராடு முனையில வயரை முறுக்கி நட்டு போட்டிருக்கு, அது அப்படியே வெளிய தெரியுது. கறுப்பு டேப்பை நாலு சுத்து சுத்திட்டா போதும்ங்கிறாரு வீட்டுக்காரரு. எனக்குப் பயமா இருக்கு. மாமியார் ஈரக்கையோடதான் தட்டை உருவுறாங்க. அதை எதை வச்சு மூடணும்?

12 அக்டோபர், ராத்திரி

டேப் வேண்டாம். பிளக்கை உருவி வைங்க. மிச்சம் நாளைக்கு.

13 அக்டோபர்

ஸ்விட்சை அணைச்சா போதாதா, பிளக்கை எதுக்கு உருவணும்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. 2009 வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். மண்டபம் ஊர்ல ஒரு லாட்ஜ், பேர் வேண்டாம். கீசர்ல தண்ணி சுடலைன்னு கூப்பிட்டாங்க. ஸ்விட்சை அணைச்சேன், சிவப்பு லைட்டும் அணைஞ்சுது. ஸ்டூல்ல ஏறி மூடியைக் கழட்டி, இடது கையால தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு வலது கை ஸ்பானரை முனையில வச்சேன். அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கிறது தரைதான். ஸ்பானர் பக்கெட்டுக்குள்ள விழுந்து கிடந்துச்சு. ஓடி வந்த பையன் முதல்ல பக்கெட் விரிஞ்சிருச்சான்னுதான் பார்த்தான்.

போர்டுக்கு வர்ற லைன்லயே பேஸும் (கரண்ட் வர்ற வயர்) நியூட்ரலும் (திரும்பிப் போற வயர்) இடம் மாறி இருந்திருக்கு. அதனால ஸ்விட்ச் வெட்டுனது நியூட்ரலை. பேஸ் நேரா எலிமென்டுக்குள்ள போய், சுருள் வழியா அந்தப் பக்கத்து முனையிலயும் வந்து நிக்குது. தண்ணி சுடாது, லைட் எரியாது, ஆனா ரெண்டு முனையிலயும் 230 வோல்ட். மூணு பின் பாயின்ட்டை நேரா பார்த்தா எர்த் மேல, பேஸ் வலது பக்கம். ஸ்விட்சை அணைச்சுட்டு இடது ஓட்டையில டெஸ்டரை வச்சுப் பாருங்க. எரிஞ்சா உங்க வீட்டுலயும் அதே கதைதான்.

முந்தாநாள் ஆயுத பூஜைக்கு மெகருக்கு (கரண்ட் கசியுதான்னு பார்க்கிற மீட்டர்) வச்ச பொட்டை இன்னும் துடைக்கலை. அதைப் பார்த்துக்கிட்டேதான் இதை எழுதுறேன்.

15 அக்டோபர்

தங்கச்சிமடத்துத் தங்கச்சிக்கு (வேற எப்படிக் கூப்பிடுறது) இப்பத்தான் சரியான பதில்.

கறுப்பு டேப் பிவிசி. 80 டிகிரி வாக்குலயே இளகும், பசை வழியும். இன்னும் சூடேறுனா கருகும். கருகுற பிவிசி விடுற புகையில ஹைட்ரஜன் குளோரைடு இருக்கு, ஈரம் பட்டா அது அமிலம். நீங்க மூடுன அதே செம்பை அது அரிக்கும். பெட்டிக்குள்ள காத்து 50 டிகிரிக்கு மேல போகாதுல்லன்னு கேப்பீங்க. போகாது, போகவும் கூடாது, போனா நெத்திலி காயறதுக்குப் பதிலா வெந்துரும். ஆனா அது காத்தோட கணக்கு. ராடோட தோல் அதைவிடப் பல மடங்கு சூடு, அந்தச் சூடு ஊர்ந்து முனைக்கும் வரும். நேத்து கடையில ஒரு 1000 வாட் ராடை ஃபேன் முன்னால நிறுத்தி, நட்டுல சூடு அளக்கிற தெர்மோகப்பிள் ஒட்டிப் பார்த்தேன். பத்தே நிமிஷத்துல 118 டிகிரி.

அது நல்லா இறுக்குன நட்டு. உங்க வீட்டுல இருக்கிறது முறுக்கிவிட்ட வயர். 1000 வாட்டுக்கு 4.35 ஆம்பியர் ஓடுது. களிம்பு பிடிச்ச முறுக்குல அரை ஓம் தடை சேர்ந்தா, ஆம்பியரை ஆம்பியரால பெருக்கி அரையால பெருக்குங்க: ஒன்பதரை வாட். சின்ன நைட் லாம்ப் பல்பை விடக் கூட. அத்தனையும் ஒரு நட்டுக்குள்ள. டேப் சுத்துனா அந்தச் சூட்டுக்குப் போர்வை போத்துன மாதிரி.

அதனால எதை வச்சு மூடணும்ங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, மூடுற அளவுக்கு அந்த ஜாயின்ட் யோக்கியமா இருக்கா?

17 அக்டோபர்

மேல போட்ட கணக்கு தப்பு. ராத்திரி படுத்தப்புறம் உறைச்சுச்சு, எந்திரிச்சு வந்து எழுதுறேன். படம் அனுப்பியிருக்காங்க, அதுல ரெண்டு ராடும் ஒரே நட்டுல சேர்ந்து, அங்க இருந்து ஒரு வயர் பிளக்குக்குப் போகுது. அப்ப அந்த நட்டுல 4.35 இல்லை, 8.7 ஆம்பியர். ஆம்பியர் ரெட்டிப்பானா சூடு நாலு மடங்கு. அரை ஓமுக்கு 38 வாட். என் சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதுவே ஈயத்தை உருக்குது.

ஈயம்னதும் இன்னொண்ணு. ஈயம் வச்சுப் பத்த வச்சுட்டா லூஸ் ஆகாதுல்லன்னு ஒருத்தர் யோசனை சொல்லியிருக்காரு. சாதா சோல்டர் 183 டிகிரியில இளக ஆரம்பிச்சுரும். ஹீட்டர் முனையில ஒரு நாள் ஃபேன் நின்னா போதும், சொட்டி விழுந்துரும். நட்டுதான், லக்குதான் (வயர் நுனியில அமுக்கி மாட்டுற உலோக வளையம்), வேற வழி இல்லை.

19 அக்டோபர்

இதுல என் குரு கீழக்கரை காக்கா ஒருத்தர் (அங்க முஸ்லிம் வீடுகள்ல அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க). துபாய்ல பேக்கரி அடுப்பு ரிப்பேர் பார்த்து இருபது வருஷம் ஓட்டிட்டு ஊர் திரும்புனவரு. பீங்கான் மணியைக் கோத்து வயர்ல ஏத்துவாரு, தஸ்பீஹ் ஜெபமணி உருட்டுற மாதிரியே ஒவ்வொண்ணா விரலால தள்ளித் தள்ளி. ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மொட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காரும். வளைச்சா சீலா மீனோட நடுமுள் மாதிரி வளையும். எவ்வளவு சூட்டுக்கும் அசராது. ஆனா எதாவது விழுந்தா உடையும், நடுவுல விரிசல் விட்டா வெளிய தெரியாது, உப்புத்தண்ணி உள்ள போய் உக்காந்துக்கும். அதனால இங்க நான் மணியை அவ்வளவா கோக்குறதில்லை. காக்கா படிச்சா கோவிச்சுக்குவாரு.

நான் செய்யறது இது. ராடோட கழுத்துல பித்தளை மரை இருந்தா, பெட்டிச் சுவத்துல ஓட்டை போட்டு முனை வெளிப்பக்கம் வர்ற மாதிரி மாட்டிருவேன். சூடும் கருவாட்டு ஆவியும் உள்ள, ஜாயின்ட் வெளிய. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துச்சு. முனையில முறுக்கு வேலை கிடையாது. வளைய லக், அமுக்கி, நட்டுக்கும் நட்டுக்கும் நடுவுல வச்சு, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கணும். இறுக்கும்போது ரெண்டு ஸ்பானர். ஒண்ணு கீழ் நட்டை அசையாம பிடிக்க, ஒண்ணு மேல் நட்டைத் திருப்ப. ஒத்தை ஸ்பானர்ல திருப்புனா முனைக்கம்பியே திரும்பி, அடியில இருக்கிற அடைப்பு வெடிச்சுரும். வெடிச்ச ராடு அன்னைக்கு ஓடும். அடுத்த மழைக்குத்தான் பல்லைக் காட்டும்.

முனையில இருந்து முதல் ஒரு அடிக்கு சிலிக்கோன் வயர், 180 டிகிரி தாங்கும். அங்க ஒரு பீங்கான் கனெக்டர் வச்சு, அதுக்கப்புறம் சாதா 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். லக்குக் கழுத்துல சிலிக்கோன் பூசுன கண்ணாடி நார் ஸ்லீவ். பூசாத வெறும் நாரும் கடையில இருக்கு, வெட்டும்போது தூள் ஏறி ரெண்டு நாளைக்குக் கை அரிக்கும். கடைக்காரர் எடுத்துக் குடுக்கிற சுருங்குற ட்யூப் 125 டிகிரி ரகம். முனையில 118 பார்த்தாச்சு. ஏழு டிகிரியை நம்பி மாமியாரை விட முடியாது.

ஸ்லீவை முதல்ல வயர்ல கோத்துட்டு, அப்புறம் லக்கை அமுக்கணும். லக்கை அமுக்கிட்டு ஸ்லீவைத் தேடுறவங்க தனி ஜாதி. நான் ஒரு காலத்துல அந்த ஜாதி.

கடைசியா ராடு அடியில சிலிக்கோன் பசை ஒரு சுத்து வச்சா ஈரம் இறங்காது.

20 அக்டோபர்

கல்நார் கயிறு கிடைக்குது, சுத்தலாமான்னு ரெண்டு பேர். அந்தக் காலத்துல நாங்களே சுத்துனோம், பல்லால கூட இழுத்திருக்கேன். இப்ப வேண்டாம். அதோட தூசி நுரையீரல் புத்துக்குக் காரணம், எந்த ரகமா இருந்தாலும். கருவாட்டு மேலயும் விழும்.

24 அக்டோபர்

19-ஆம் தேதி எழுதுனதுல கடைசி வரியை அடிச்சுருங்க. சிலிக்கோன் பசைன்னு மொட்டையா சொன்னதை நம்பி ஒருத்தர் பாத்ரூம் கண்ணாடிக்கு ஒட்டுற பசையை அப்பியிருக்காரு. அது காயும்போது வினிகர் வாடை வரும், வருதுன்னா அசிட்டிக் அமிலம்னு அர்த்தம். செம்பு, பித்தளை ரெண்டையும் பச்சையாக்கிரும். நம்ம கடல்காத்து ஆறு மாசத்துல செய்யறதை அது ஒரு வாரத்துல செய்யும். கடையில கேக்கும்போது நியூட்ரல் ரகம்னு கேளுங்க. மோந்து பாருங்க, புளிச்ச வாடை அடிச்சா வேண்டாம். அதையும் ராடோட அடைப்பு மேல மெல்லிசா மட்டும். நட்டு மேல அப்பாதீங்க. நாளைக்கு ஒருத்தன் அந்த நட்டை இறுக்கணும். அது நானாகூட இருக்கலாம்.

2 நவம்பர்

தீபாவளி பலகாரத்துக்கு நடுவுல தங்கச்சி வீட்டுக்காரரு வேலையை முடிச்சிருக்காரு. ராடு முனையை வெளிய எடுத்தாச்சு, லக்கு போட்டாச்சு. மூடி போட்டிருக்கிறதுதான் சிக்கல். பழைய எவர்சில்வர் டிபன் டப்பா, அதைக் கவுத்து நாலு பக்கமும் பசை போட்டு அடைச்சிருக்காரு. "இனி காத்துகூட போகாதுண்ணே." அதுதான் கோளாறே.

டப்பா யோசனை நல்லதுதான், நானே செஞ்சிருக்கேன். பிளாஸ்டிக் மூடின்னா சூட்டுல தொங்கிரும். ஆனா காத்துப் போகாத மூடின்னு இந்தக் கரையில ஒண்ணு கிடையாது. சூடாகும்போது உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு எங்கயாவது கசிஞ்சு வெளிய போகும். அணைச்சதும் சுருங்கி, அதே ஓட்டை வழியா ஈரக்காத்தை இழுக்கும். தினமும் ஒரு மூச்சு. உள்ள வந்த உப்பு வெளிய போகாது. சுத்தமான சோத்து உப்பே காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டுனா கசியும், ஐப்பசியில உப்புச் சாடியைத் திறந்தவங்களுக்குத் தெரியும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கு. அது 33 சதவீதத்துலயே தண்ணியை இழுக்கும். நம்ம ஊர்ல எந்த மாசத்துல ஈரப்பதம் அதுக்குக் கீழ போகுது? அதனால பேஸுக்கும் டப்பாவுக்கும் நடுவுல எப்பவும் ஒரு ஈரப் படலம்.

பசையைச் சுரண்டிட்டு, டப்பாவோட கீழ்ப்பக்கத்துல மூணு மில்லிமீட்டர் ஓட்டை எட்டு பத்து போடச் சொன்னேன். கீழ மட்டும். மழைச்சாரல் மேல இருந்து வரும், தண்ணி கீழ சொட்டிரும், காத்தும் ஓடும். விரல் போகாது. இதுக்குன்னே உலகத் தரத்துல ஒரு பரிசோதனை விரல் இருக்கு, 12 மில்லிமீட்டர் தடிமன், 80 மில்லிமீட்டர் நீளம். அதை விட்டுப் பார்த்து உயிர்ப்பாகத்தைத் தொடலைன்னாதான் விரலுக்குப் பாதுகாப்புன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்க விரல் பென்சில் கனம், அதனால மூணு மில்லிமீட்டர். நட்டுக்கும் டப்பாச் சுவருக்கும் எல்லாப் பக்கமும் ஒரு விரக்கடை இடைவெளி இருக்கட்டும்.

டப்பா உலோகம்ங்கிறதால அதுக்குத் தனி எர்த் வயர். பெட்டியோட ஸ்க்ரூ வழியா தானா எர்த் வந்துரும்னு விடாதீங்க, ஸ்க்ரூ துருப்பிடிச்சா வராது. வயர் நுழையற ஓட்டையில ரப்பர் புஷ். வயர் ஒரு தொங்கல் விட்டுக் கீழ இருந்து ஏறணும், தண்ணி தொங்கல்ல இருந்து சொட்டட்டும்.

டப்பா துருப்பிடிக்காதான்னு கேட்டாரு. இந்தக் கரையில எவர்சில்வருக்கும் 'எவர்' கிடையாது, புள்ளி புள்ளியா வரும். மண்டபம் கேம்ப்புல காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) காரங்களோட துருச் சோதனைத் திடல் இருக்கு. உலோகத் துண்டுகளை வரிசையா மாட்டிக் கடல்காத்துல விட்டு, எது எத்தனை நாள் தாங்குதுன்னு பார்ப்பாங்க. நாம அதையே வீட்டுக்கு வீடு சம்பளம் இல்லாம பார்த்துக்கிட்டிருக்கோம்.

3 நவம்பர்

எர்த் பத்தி விட்டுட்டேன். இங்க மண்ணுல உப்பும் ஈரமும் இருக்கு, அதனால எர்த் நல்லாவே பிடிக்கும். கம்பிதான் தங்காது. வீடு கட்டும்போது எர்த்துக்குப் புதைச்ச ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பைப்பைத் தோண்டிப் பார்த்தா பாதி வீட்டுல கிளாம்ப் மட்டும் மேல நிக்கும், கீழ பொடி.

21 நவம்பர்

நேத்து ராமேஸ்வரத்துல 40 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெஞ்சிருக்கு. தங்கச்சிமடம், பாம்பன் எல்லாம் தண்ணிக்காடு. என் கடைக்குள்ளயும் கணுக்கால் அளவு. கரண்ட் வந்ததும் யாரும் பெட்டியைப் போடாதீங்க. ராடு முங்கியிருந்தா நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, எடுத்து வைங்க. முங்கலைன்னாலும் மெகர் பார்க்காம போடாதீங்க. மோட்டாரும் அப்படித்தான், கிரைண்டரும் அப்படித்தான்.

25 நவம்பர்

எதிர்பார்த்ததுதான். "அண்ணே, காலையில போட்டா ஈஎல்சிபி விழுது. மத்தியானம் போட்டா சில நாள் நிக்குது, சில நாள் விழுது. டப்பாவுக்குள்ள எல்லாம் காஞ்சுதான் இருக்கு. ஈஎல்சிபியைத் தூக்கிட்டு நேரா குடுத்துரலாமாங்கிறாரு." (கரண்ட் கசிஞ்சா தானா அணையுற சுவிட்ச். அது இப்ப ஆர்சிசிபி, பழைய பேர் நாக்கை விட்டுப் போகலை.)

நேரா குடுத்தீங்கன்னா நான் இங்க எழுதுறதை நிறுத்திக்கிறேன்.

ஜாயின்ட் இல்லை, ராடுதான். ராடுக்கு நடுவுல நிக்ரோம் சுருள், அதைச் சுத்தி மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி அடைச்சிருப்பாங்க. சூட்டைக் கடத்தும், கரண்ட்டைக் கடத்தாது, அருமையான பொடி. ஆனா ஈரத்தை உறிஞ்சும். முனை அடைப்பு வழியா வாரக்கணக்குல ஈரம் ஏறுச்சுன்னா அதுவே கரண்ட்டைக் கசிய விடும். நேத்து ராடு ரெண்டையும் பஸ்ல குடுத்துவிட்டாங்க, பேப்பர்ல சுத்தி. கண்டக்டர் கருவாடுன்னே நினைச்சிருப்பாரு, வாடை அப்படி. 500 வோல்ட் மெகர்ல வச்சேன். ஒவ்வொண்ணும் 0.02 மெகா ஓம். மேலோட்டமா கணக்குப் போட்டா 230-ஐ 20,000-ஆல வகுக்கணும், பதினொன்றரை மில்லி ஆம்பியர். ரெண்டுக்கும் 23. ஆர்சிசிபியில 30 மில்லி ஆம்பியர்னு எழுதியிருந்தாலும் அது 15-க்கும் 30-க்கும் நடுவுல எங்க வேணா விழலாம். அதனாலதான் ஒரு நாள் நிக்குது, ஒரு நாள் விழுது. அந்தச் சின்னப் பெட்டி பைத்தியம் இல்லை, சரியாத்தான் சொல்லிக்கிட்டிருக்கு.

வைத்தியம், ஈரத்தை விரட்டுறது. ராடைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சை தேச்சு, மறுபடி கழுவி, தெரு முக்கு ரொட்டிக் கடையில பன் எடுத்து முடிச்ச அடுப்புல ராத்திரி பூரா வச்சேன். நூத்தி முப்பது டிகிரியில ஆரம்பிச்சு விடிய ஆறி இறங்கும். ரொட்டிக் கடை பாய் போட்ட ஒரே நிபந்தனை, காலையில பன்னுல நெத்திலி வாசம் வந்தா பத்துத் தட்டையும் நான் வாங்கிக்கணும்.

26 நவம்பர்

வாசம் வரலை. மெகர்ல 60 மெகா ஓம். சூடு முழுசா ஆறுறதுக்குள்ள முனை அடைப்பு மேல நியூட்ரல் பசை மெல்லிசா ஒரு சுத்து. 19-ஆம் தேதி எழுதி 24-ஆம் தேதி அடிச்ச வரி, இப்பத் திருத்தத்தோட உள்ள வந்துருச்சு.

1 டிசம்பர்

வேற ஒருத்தர் எதிர்வாதம்: ஆர்சிசிபி இவ்வளவு கெட்டியா வேலை செய்யுதுன்னா முனையை மூடவே வேண்டாமே, தொட்டா விழுந்துரும்ல? பாதி நியாயம். முழுசா இல்லை. ஆர்சிசிபி பார்க்கிறது, போன கரண்ட் திரும்பி வந்துச்சாங்கிறது மட்டும்தான். உங்க உடம்பு வழியா மண்ணுக்குப் போனா கணக்கு இடிக்கும், விழும். ஒரு கை பேஸ் நட்டுல, மறு கை நியூட்ரல் நட்டுல பட்டுச்சுன்னா? போனது அத்தனையும் ஒழுங்கா திரும்பி வருது. அதுக்கு நீங்களும் இன்னொரு ஹீட்டர்தான். எம்சிபியும் (லோடு மிஞ்சுனா தானா அணையுற சுவிட்ச்) விழாது, அதுக்கு நீங்க இழுக்கிறது தூசி. ராடு முனை ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிற இடத்துல மூடியைத் தவிர வேற காவல் இல்லை.

இதை எழுதுனப்புறம் 15-ஆம் தேதி நான் "ரெண்டாவது கேள்வி"ன்னு அலட்சியமா சொன்னது கொஞ்சம் உறுத்துது. ஜாயின்ட்டைச் சரி பண்றது முதல்லதான், மாத்தமாட்டேன். ஆனா சரி பண்ணிட்டு மூடாம விட்ட கீசரைத்தான் நான் 2009-ல பிடிச்சேன். மூடி கழட்டி நானே திறந்ததுன்னாலும், உள்ள முனைக்கு ஒரு தொப்பிகூட இல்லை.

8 டிசம்பர்

ஃபேன் நின்னா என்னன்னு யாரும் கேக்கலை, நானே கேட்டுக்கிறேன். ஃபேன் நின்னா ராடு சிவக்கும், முனை 118-ஐத் தாண்டி எங்கயோ போகும், சிலிக்கோன் வயர் கணக்கெல்லாம் காத்துல. கடல்காத்துல முதல்ல சாகுறது ஃபேன்தான், புஷ் இறுகிரும். ராடுக்கு மேல சூடு மிஞ்சுனா அணைக்கிற ஒரு தெர்மோஸ்டாட், அது அணையாம ஒட்டிக்கிட்டா வெட்ட ஒரு தெர்மல் ஃபியூஸ், ரெண்டும் பேஸ் பக்கம். விலை ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டுக்கும் கீழதான்.

15 டிசம்பர்

ஞாயிறு, கடை லீவு. ராடை நானே மாட்டிக் குடுத்துரலாம்னு தங்கச்சிமடம் போனேன். பஸ் பாம்பன் பாலத்துல ஏறுனதும் எல்லாரும் வழக்கம்போல ஜன்னல் பக்கம் சாஞ்சாங்க. 1914 ரயில் பாலம் ஒரு பக்கம், அதை ஒட்டிப் புதுசு, நடுவுல தூக்குற கோபுரம். மத்தவங்க கடலைப் பார்த்தாங்க, நான் பெயின்ட்டைப் பார்த்தேன்.

பெட்டி நல்லா செஞ்சிருக்காங்க, படத்துல தெரிஞ்சதைவிட நல்லாவே. வீட்டுக்காரரு டப்பாவுல ஓட்டை போட்டு, ஓட்டை விளிம்பைக்கூட அரத்தால ராவியிருக்காரு. போர்டுல டெஸ்டர் வச்சேன், பேஸ் சரியான பக்கம். எர்த் கம்பிக்கு மட்டும் புது கிளாம்ப் வேணும்னு சொல்லிட்டு வந்தேன். மாமியார் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்து காரல் கழுவிக்கிட்டே எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. வெயில்ல காய்ஞ்ச கருவாட்டு வாசம் இதுல வராதுங்கிறது அவங்க கட்சி. உண்மைதான்னேன். ஐப்பசி கார்த்திகையில வெயிலுக்கு எங்க போறதுன்னு மருமக பதில் குடுத்தாங்க. நான் தலையைக் குனிஞ்சு லக்கு அமுக்குனேன்.

நாலு லக்கு. நாலும் அமுக்கி, ரெண்டு ஸ்பானர் போட்டு இறுக்கி, இழுத்துப் பார்த்துட்டு நிமிர்ந்தேன்.

"தம்பி, இது என்னமோ வெள்ளையா நாலு குழல் கிடக்கே, இது எதுல சேரணும்?"ன்னு மாமியார் முக்காலிக்கு அடியில இருந்து ஸ்லீவை எடுத்து நீட்டுனாங்க. ஈரக்கையோட.